யுகத்தானில் இரண்டு வாரம் கார் ஓட்டி மாயர் நகரங்களைப் பார்ப்பது: எதைச் சேர்ப்பது, எதை விடுவது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஹூஸ்டனில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வருகிறீர்கள். அங்கிருந்து மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்துக்குப் பறந்து, அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மாவுடன் வாடகைக் காரில் இரண்டு வாரம் பண்டைய மாயர் மக்களின் இடிபாடுகளையும் பழைய ஊர்களையும் பார்க்க விரும்புகிறீர்கள். பட்டியலில் சிச்சென் இட்சா, துலூம், உஷ்மால், கலக்முல், பலெங்கே, குவாத்தமாலாவின் திகால் என ஆறு இடங்கள். இதற்கு எந்த வரிசை நல்லது, ஒரே நாளில் இரண்டு இடங்களைப் பார்த்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். அதே கேள்வியின் கடைசி வரியில் "யாரும் களைத்துப்போகக் கூடாது, அவசரம் வேண்டாம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு இடங்களும் இந்தக் கடைசி வரியும் சேர்ந்து நடக்காது. ஆகவே எதை விடலாம் என்பதே நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தொல்லியல் படித்தவன். பழைய கல் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையாகப் பல ஆண்டுகளாக யுகத்தான் மாநிலத் தலைநகரான மெரிதாவில் இருக்கிறேன். யுகத்தான், காம்பெச்சே, கின்தானா ரோ ஆகிய மூன்று மாநிலச் சாலைகளும் எனக்குப் பழக்கம். பலெங்கே இருக்கும் சியாபாஸ் மாநிலமும் குவாத்தமாலாவும் ஒரு பயணியாகப் போய்வந்த அளவுக்குத்தான் தெரியும். அவற்றைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம், திறப்பு நேரம், எந்தப் பிரமிடில் ஏறலாம் என்பதெல்லாம் அடிக்கடி மாறுபவை. இந்த இடங்களை நிர்வகிக்கும் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தின் இணையதளத்தைப் பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதனால்தான் இங்கே கட்டண எண்களைத் தரவில்லை.

திகாலையும் பலெங்கேயையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மெக்சிகோவில் எடுத்த வாடகைக் காரை குவாத்தமாலா எல்லையைத் தாண்டி ஓட்டிப்போகப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. பலெங்கேயை விடச் சொல்வதற்கு எனக்கே மனம் வரவில்லை. 1952-இல் தொல்லியலாளர் ஆல்பெர்த்தோ ருஸ் கல்வெட்டுக் கோயிலின் அடியில் பகால் மன்னனின் கல்லறையைத் திறந்த இடம் அது. மாயர் வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் அதைப் பார்க்கும் ஆசை இருக்கும். ஆனால் காம்பெச்சே நகரிலிருந்தே அங்கு போக ஐந்து மணி நேரம் ஆகும், திரும்பவும் அதே தூரம் ஓட்ட வேண்டும். சியாபாஸ் சாலைகளில் மறியலும் பாதுகாப்புப் பிரச்சினையும் கடந்த சில ஆண்டுகளில் கூடியிருக்கின்றன. பெற்றோருடன் முதல்முறை போகிறவர்கள் தனியாக விமானத்தில் போய்வருவதே நல்லது. துலூமின் கடற்கரை அழகு பெரிது. ஆனால் கட்டடங்கள் சிறியவை, பிற்காலத்தவை, கூட்டமோ மிக அதிகம். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் பார்க்கலாம்.

மீதி இருப்பது ஓர் அழகான வட்டம். கான்கூனில் இறங்கி, வயாதோலித், இசமால், மெரிதா, உஷ்மாலை ஒட்டிய சந்தா எலெனா, காம்பெச்சே, கலக்முலுக்குப் பக்கத்து ஊரான ஷ்புகில், பகலார், மீண்டும் கான்கூன். சாலைத் தூரம் சுமார் 1,300 கிலோமீட்டர். பக்கத்து இடங்களுக்குப் போய்வருவது தனி. பதினான்கு இரவுகளை 3 (இதில் முதல் இரவு கான்கூன் விமான நிலையத்தருகே), 1, 3, 2, 2, 2, 1 என்று பிரித்தால் இரண்டே நாட்கள்தான் நீண்ட ஓட்டமாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்; ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம், அதிலும் செப்டம்பரும் அக்டோபரும் மோசம். அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருப்பதால் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி வீட்டில் எல்லோரும் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். மெக்சிகோவிலேயே கொலைக் குற்ற விகிதம் மிகக் குறைந்த மாநிலம் யுகத்தான். இந்த வட்டத்தில் நீங்கள் அஞ்ச வேண்டியது சாலை வேகத்தடைகளைத்தான். இங்கு அவற்றை "தோப்பே" என்பார்கள். ஊருக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் இருக்கும்; பலவற்றுக்கு வர்ணமோ பலகையோ இருக்காது. மரநிழல் விழும் இடத்தில் கண்ணுக்கே தெரியாது. மாலை ஆறு மணிக்குள் தங்குமிடத்துக்கு வந்துவிடுவது என்று ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு விளக்கில்லாத சைக்கிள், மூன்று சக்கர வண்டி, மாடு எல்லாம் சாலையில் வரும். நெடுஞ்சாலையில் ராணுவமோ மாநிலப் போலீசோ நிறுத்தினால் கண்ணாடியை இறக்கி வணக்கம் சொல்லி, எங்கே போகிறோம் என்று சொன்னால் போதும்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் ஓட்டுவது அரைநாளில் கைவந்துவிடும். தடுமாற்றம் வருவது பெரும்பாலும் இடதுபுறம் திரும்பும்போதுதான். ஊர்ப்புற இருவழிச் சாலையில் நடுவில் நின்று இடதுபக்கம் திரும்பக் காத்திருக்காதீர்கள். வலது ஓரம் ஒதுங்கி, இரு பக்கமும் காலியான பிறகு குறுக்கே கடப்பதே இங்குள்ள வழக்கம். முன்னால் போகும் லாரி இடது விளக்கைப் போட்டால் "முந்திப் போ" என்றும் பொருள், "நான் இடதுபுறம் திரும்பப் போகிறேன்" என்றும் பொருள். அவன் வேகம் குறைந்தால் முந்தவே கூடாது. கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் காராகக் கேளுங்கள். வந்து இறங்கிய இரவே ஓட்டாமல், விமான நிலையத்தை ஒட்டிப் படுத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள். முதல்நாள் சுங்கச் சாலையிலேயே வயாதோலித் போங்கள். கட்டணம் அதிகம்தான், ஆனால் நேரான, நெரிசலில்லாத சாலை. கை பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. நடுவில் பெட்ரோல் நிலையங்கள் மிகக் குறைவு என்பதால் கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். போடுகிறவர் மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டிய பிறகு போடட்டும்.

வாடகை விஷயத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: இணையத்தில் காட்டும் மலிவான விலையில் மூன்றாம் நபர் காப்பீடு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மெக்சிகோவில் அது கட்டாயம். கவுன்டரில் அதைச் சேர்க்கும்போது தொகை இரட்டிப்பானாலும் வியப்பில்லை. முன்பதிவிலேயே அது அடங்கிய விலையைத் தேடுங்கள். தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் பயன்படும்; கூடவே சர்வதேச அனுமதியும் எடுத்து வாருங்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியருக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. மூவருடைய அமெரிக்க விசாவும் பலமுறை நுழைவுக்கானதா என்பதைப் பாருங்கள்; இல்லாவிட்டால் ஹூஸ்டனுக்குத் திரும்புவதில் சிக்கல் வரலாம்.

இனி பார்க்கும் முறை. எல்லாத் தலங்களும் பொதுவாகக் காலை எட்டு மணிக்குத் திறக்கும். எட்டுக்கு வாசலில் நின்று, பதினோரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய தலம் போதும். நடுப்பகலில் அறை அல்லது செனோத்தே என்னும் நிலத்தடி நீர்க்குளம், மாலையில் ஊர். இந்தத் தீபகற்பம் முழுதும் சுண்ணாம்புப் பாறை; மழைநீர் உள்ளே இறங்கிவிடுவதால் வடபகுதியில் தரைமேல் ஆறே கிடையாது. பாறைக்கூரை இடிந்து விழுந்த இடங்களே இந்தக் குளங்கள். வயாதோலித்தில் ஊருக்கு நடுவிலேயே சசி என்ற செனோத்தே இருக்கிறது. அப்பா படியிறங்க முடியாவிட்டாலும் மேலிருந்தே பார்க்கலாம்.

வயாதோலித்திலிருந்து சிச்சென் இட்சா 45 கிலோமீட்டர்தான். கான்கூன் சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும். அதற்குள் நீங்கள் பார்த்து முடித்துவிடலாம். ஞாயிறு மெக்சிகோ குடிமக்களுக்கு இலவசம், கூட்டம் தாங்காது, அன்று போகாதீர்கள். மத்தியப் பிரமிடின் நான்கு பக்கத்திலும் தலா 91 படிகள், மேல்தளத்துடன் 365 என்பதை வழிகாட்டிகள் சொல்வார்கள். அது நாட்காட்டிக் கணக்கு என்பதில் ஐயம் குறைவு. மார்ச், செப்டம்பர் சமஇரவு நாட்களில் படிச்சுவரில் விழும் பாம்பு நிழல் கட்டியவர்கள் திட்டமிட்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் பல நாட்கள் கிட்டத்தட்ட அதே நிழல் விழுகிறது. அதற்காகத் தேதியை மாற்றாதீர்கள். மறுநாள் வடக்கே எக் பாலம் என்ற மாயர் நகரத்துக்குப் போங்கள். அங்கே ஒரு மன்னனின் கல்லறை வாசல் பிளந்த வாய் போலச் சுதையில் செய்யப்பட்டிருக்கிறது. மண்ணும் கல்லும் மூடியே கிடந்ததால் பற்கள், இறகுள்ள மனித உருவங்கள் எல்லாம் கூர்மை மங்காமல் இருக்கின்றன.

இசமாலில் ஓர் இரவு தங்கச் சொல்வதை வீண் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊர் முழுதும் மஞ்சள் வர்ணம். நடுவில் 1561-இல் முடிக்கப்பட்ட பிரான்சிஸ்கன் என்னும் கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒரு மாயர் பிரமிடின் அடித்தளத்தின் மேலேயே எழுப்பப்பட்டது. நீங்கள் ஏறிப்போகும் சரிவே அந்தப் பழைய மேடைதான். மடத்தின் சுவர்களை நிதானமாகப் பார்த்தால் மாயர் செதுக்கிய கோலம் போன்ற கற்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செருகப்பட்டிருப்பது தெரியும். சில தெருக்கள் தள்ளி கினிச் காக் மோ என்னும் பிரமிடு, சுமார் 35 மீட்டர் உயரம், கட்டணம் இல்லை. 1993-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தபோதுதான் ஊருக்கு மஞ்சள் பூசினார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர் வந்தது உறுதி, வர்ணக் கதையை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இந்த மடத்தோடு சேர்ந்த பெயர் தியேகோ தெ லாந்தா. 1562 ஜூலை 12-இல் மானி என்ற ஊரில் மாயர்களின் சிலைகளோடு அவர்களுடைய ஏடுகளையும் எரித்த பாதிரியார். எத்தனை ஏடுகள் எரிந்தன என்பதில் கணக்குகள் முரண்படுகின்றன. இன்று உலகில் எஞ்சியவை நான்கே. அவற்றில் நான்காவது 2018-இல்தான் உண்மையானது என்று முன்பு சொன்ன தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனம் உறுதிசெய்தது. அதே லாந்தா எழுதிவைத்த குறிப்புகளில் இருந்த எழுத்து அட்டவணையைக் கொண்டுதான் 1952-இல் ரஷ்ய அறிஞர் யூரி கினோரோசொவ் மாயா எழுத்து ஒலியைக் குறிப்பது என்று காட்டினார். மெரிதாவிலிருந்து சந்தா எலெனா போகும் நாளில் சற்றுச் சுற்றிப் போனால் மானி மடத்தின் முன் அரைமணி நேரம் நிற்கலாம். கண்ணுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் என் நண்பர்கள் யார் வந்தாலும் நான் அங்கே அழைத்துப் போகாமல் விடுவதில்லை.

மெரிதாவில் காரை நிறுத்திவிட்டு நடங்கள். இரட்டைப்படை எண் தெருக்கள் வடக்கு தெற்காக, ஒற்றைப்படை கிழக்கு மேற்காக ஓடும். இதைத் தெரிந்துகொண்டால் வழி தவறாது. மஞ்சள் பூசிய நடைபாதை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். 1598-இல் முடிந்த பேராலயம் தோ என்ற மாயர் நகரத்தின் கற்களால் கட்டப்பட்டது. சதுக்கத்தின் தென்பக்கம் 1549-இல் கட்டிய, யுகத்தானை வென்ற ஸ்பானியத் தளபதி மொந்தேகோ குடும்பத்து வீட்டின் முகப்பில் ஆயுதம் ஏந்திய இரு வீரர்கள் தலைகளின் மேல் மிதித்து நிற்கிறார்கள். அந்தத் தலைகள் தோற்ற மாயர்களுடையவை என்று பல வழிகாட்டிகள் சொல்கிறார்கள். ஐரோப்பியச் சிற்ப மரபிலிருந்து வந்த உருவங்கள் என்பவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மெரிதாவில் இருக்கும்படி திட்டமிட்டால், காலையில் பெரிய வீதியைச் சைக்கிள்களுக்கு விட்டுவிடுவதைப் பார்க்கலாம். அம்மா சைவம் என்பதால் ஒரு எச்சரிக்கை: கறுப்பு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "சின் மந்தேகா" என்று கேளுங்கள், கொழுப்பு சேர்க்காமல் என்று பொருள். பூசணி விதை அரைத்த சிகில் பாக், சாயா கீரை, சோளத் தோசை போன்ற தொர்தியா ஆகியவை எங்கும் கிடைக்கும். முட்டை சாப்பிடுவார் என்றால் பபத்சூலேஸ் அருமையான உணவு. தனியாகக் கிண்ணத்தில் வரும் ஹபனேரோ மிளகாய்ச் சட்னியை நம் ஊர்க் காரம் பழகியவர்களும் நுனி நாக்கில் சோதித்த பிறகே ஊற்ற வேண்டும்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி உஷ்மாலும் அதைச் சுற்றிய பூக் மலைப்பகுதியும். சிச்சென் இட்சாவை ஒரு மணி நேரம் குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள். இங்கு செனோத்தே இல்லை, நிலத்தடி நீர் மிக ஆழத்தில். ஆகவே மழைநீரைத் தரைக்கடியில் சுதை பூசிய தொட்டிகளில் பிடித்து வைத்துத்தான் ஒன்பதாம் நூற்றாண்டில் இத்தனை நகரங்கள் பிழைத்தன. சுவர்களெங்கும் நீண்டு வளைந்த மூக்குடைய முகங்கள். மழைக்கடவுள் சாக் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எல்லா முகமும் சாக்தானா, மலைத்தெய்வமா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உஷ்மாலில் ஆளுநர் மாளிகையின் மேடையில் நின்று, ஏறத்தாழ நூறு மீட்டர் நீள முகப்பைப் பாருங்கள். கீழ்ப்பாதி வெறும் வழவழப்பு, மேல்பாதி முழுதும் கல் மொசைக். ஆயிரக்கணக்கான கற்களைத் தனித்தனியே அளவெடுத்துச் செதுக்கி, பிறகு சுவரில் பொருத்தியிருக்கிறார்கள்.

அந்த வேலையை மிக அருகில் பார்க்கக் கபா போக வேண்டும். அங்கே ஒரு கட்டடத்தின் முகப்பில் சுமார் 250 முகங்கள். முகங்கள் தரைக்கு அருகிலேயே தொடங்குவதால் கண்ணுக்கு நேரே பார்க்கலாம். ஒரு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கண், புருவம், காதணி, பல் என்று ஒவ்வொரு கல்லாக எண்ணிப் பாருங்கள். பக்கத்து முகத்திலும் அதே துண்டுகள், அதே அளவில். ஒரு பட்டறையில் கண்கள் மட்டும் செதுக்கியவர் ஒருவர், மூக்கு மட்டும் செதுக்கியவர் ஒருவர் இருந்திருப்பார் என்று கல் வேலை தெரிந்த எனக்குத் தோன்றும். இது என் ஊகம், சான்று கிடையாது. சயிலின் மூன்றடுக்கு மாளிகையும் லப்னாவின் வளைவு வாசலும் பக்கத்திலேயே. இவற்றில் ஒன்றிரண்டு பராமரிப்புக்காக மூடியிருக்கக்கூடும். முந்தின மாலை சந்தா எலெனாவில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நகரங்கள் ஏன் கைவிடப்பட்டன என்று அப்பா கேட்பார். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் கடும் வறட்சிகள் வந்ததற்கு ஏரிப் படிவுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அது ஒன்றுதான் காரணமா, போரும் வணிகப் பாதை மாற்றமும் எவ்வளவு பங்கு என்பது தீராத கேள்வி.

காம்பெச்சே கடலோரக் கோட்டை நகரம். 1685-இல் கடற்கொள்ளையர் சூறையாடிய பிறகு, 1686 முதல் 1704 வரை மதில் எழுப்பினார்கள். சான் மிகேல் கோட்டை அருங்காட்சியகத்தில் கலக்முல் கல்லறைகளில் கிடைத்த பச்சைக்கல் முகமூடிகள் இருக்கின்றன. கலக்முலுக்குப் போகும் முன் அவற்றைப் பார்த்துவிட்டால் அங்கே நிற்கும்போது யாருடைய ஊர் என்பது மனதில் பதியும். நகரிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்ஸ்னா. ஐந்தடுக்கு மாளிகை, பெரும் புல்வெளி, கூட்டம் குறைவு.

கலக்முல்தான் உடலைச் சோதிக்கும் இடம். நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் 60 கிலோமீட்டர் குறுகிய சாலை, அதன் பிறகு நல்ல நடை. வழியில் பெட்ரோல் கிடையாது. ஷ்புகிலில் நிரப்பிக்கொண்டு, தண்ணீர், சாப்பாடு, சில்லறை ரொக்கம் எல்லாம் எடுத்துப் போங்கள். கட்டணம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வசூலிக்கிறார்கள். பாம்பு வம்சத்து மன்னர்களின் தலைநகரம் அது, 695-இல் திகாலிடம் தோற்கும் வரை பெரும் வல்லரசு. நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுத் தூண்கள் இருந்தும், மென்மையான சுண்ணாம்புக்கல் என்பதால் பலவற்றில் எழுத்து கரைந்துபோயிற்று. அப்பாவின் முழங்கால் அன்று ஒத்துழைக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஷ்புகிலை ஒட்டியே அகழி சூழ்ந்த பெகானும், பெருவாய் வாசல் கொண்ட சிகன்னாவும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கின்றன. நிழலில் மெதுவாக நடந்து பார்க்கலாம். நாட்கள் குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியதும் கலக்முல் பகுதியைத்தான். காம்பெச்சேயிலிருந்து மெரிதா வழியாகத் திரும்பிவிடுங்கள்.

முழு வட்டமும் போவதாக இருந்தால் ஷ்புகிலிலிருந்து பகலார் போகும்போது கின்தானா ரோ மாநிலத்துக்குள் நுழைவீர்கள். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பகலாரிலிருந்து கான்கூன் சுமார் 340 கிலோமீட்டர், நடுவில் துலூம் ஊருக்குள் நெரிசல் உண்டு. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ள அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஹூஸ்டன் விமானத்தை மாலை நான்கு மணிக்கு முன் போடாதீர்கள். இரவு விமானம் கிடைத்தால் இன்னும் நல்லது.